மரியசெல்வியின் மேடு

மரியசெல்விக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முதலில் சொன்னவர் என் வீட்டுக்காரர் ஹனீஃப்தான். வாயைக் கழுவுங்கள் என்று அன்றைக்கே நான் சண்டை பிடித்தேன். ஆனால் அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. அசர் தொழுகை முடிந்து வெயில் சாயத் தொடங்கினால் போதும், அவள் முகம் மாறிவிடும். பேசிக்கொண்டிருந்த பேச்சு பாதியில் நிற்கும். காலிச் சாக்குகளைச் சுருட்டிக்கொண்டு, கடைக்குப் பின்னால் பைப்பில் நிரப்பி வைத்த தண்ணீர் டிரம்களை வேனில் ஏற்றச் சொல்லிவிட்டு, போட்டு கட்டும் ஜெட்டிக்கு ஓடுவாள். இருட்டுவதற்குள் தீவுக்குப் போயாக வேண்டும்.

எங்கள் கடை மலேசியாவில், மஸ்ஜித் தானா ஊர் பசாருக்குப் பக்கத்தில் இருக்கிறது. மளிகை, மசாலா, கூடவே கொஞ்சம் காய்கறி. மாமனார் காலத்துக் கடை. வீட்டுக்காரருக்கு முட்டி வலி வந்த பிறகு கல்லாவில் நான்தான் உட்காருகிறேன். என் வாய்க்குப் பயந்தே அழுகிய தக்காளியை எவனும் எங்கள் கடைக்கு அனுப்புவதில்லை. மரியசெல்வியிடம் அந்த வம்பே கிடையாது. அவள் கொண்டுவரும் சிலிபாடி மிளகாய் காம்போடு, ஈரம் துடைத்து, ஒரே நீளத்தில் இருக்கும். மலாக்காவிலிருந்து வரும் ஓட்டல்காரர்கள் தீவு மிளகாய் இருக்கிறதா என்று கேட்டுத்தான் வாங்குவார்கள்.

அந்தத் தீவு பூலாவ் மெங்குவாங். கரையிலிருந்து பார்த்தால் தெரியும். போட்டில் ஏறினால் சீக்கிரம் போய்விடலாம். ஒரு காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனியின் தென்னந்தோட்டம். கொப்பரை வேலைக்கு என்று இந்தியாவிலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பங்கள், கம்பெனி போன பிறகும் அங்கேயே தங்கிவிட்டார்கள். தென்னைக்கு நடுவில் மிளகாய், மரவள்ளி, மஞ்சள் போட்டுப் பிழைத்தார்கள். சூசையப்பர் பெயரில் சின்னதாக ஒரு கோயில், அதை ஒட்டி வேலி போட்ட கல்லறைத் தோட்டம், பத்துப் பதினைந்து வீடு. அவ்வளவுதான் ஊர்.

மண் நல்ல மண். தண்ணீர்தான் சனியன். மழை நின்று வெயில் ஏறினால் கிணற்றில் உப்பு ஏறும். மிளகாய் இலை ஓரம் கருகும். நாற்று நின்றபடியே சாகும். குடிக்கக் கரையிலிருந்து டிரம்மில் கொண்டுபோக வேண்டும். ஆறு நிறையத் தண்ணீர் போனாலும் நாய் நக்கித்தான் குடிக்கும் என்பார்கள். இவர்கள் கதை அதைவிட மோசம், சுற்றிலும் கடலை வைத்துக்கொண்டு நக்கவும் வழி இல்லை. நர்ஸ் வரும் போட்டு காற்றடித்தால் வராது. படித்த பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கரையேறிவிட்டன. மரியசெல்வியின் மகள் ஷெர்லீனும் அப்படித்தான். மலாக்கா பட்டணத்தில் ஓட்டல் வேலை, நல்ல அறை. மம்மி வந்து என்னோடு இருங்கள் என்று கெஞ்சாத மாதம் இல்லை.

புருஷன் கிளைவ் இறந்த பிறகாவது போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. கேட்டால் மிளகாய்க்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்பாள். ஒருமுறை அலை பெரிதாக இருந்தது, போட்டுக்காரன் யூஜினே தயங்கினான். யூஜின் அவள் பக்கத்து வீட்டுக்காரன், தீவுக்கும் கரைக்கும் போட்டு ஓட்டுகிறவன். இன்றைக்கு இங்கே படுத்துக்கொள்ளடி என்று நான் அவள் கையைப் பிடித்தேன். உதறிவிட்டாள். என்னைப் பார்த்த பார்வையில் நன்றியும் இல்லை, கோபமும் இல்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவளின் அவசரம்தான் இருந்தது. யார் வீட்டில் என்ன பால் பொங்குகிறது என்று எனக்கு விளங்கவில்லை. வாசலில் நின்று கத்தினேன். அவள் காதில் வாங்காமல் போய்விட்டாள்.

தீவுக்கு நல்ல தண்ணீர் வேண்டும் என்று முதலில் வாய் திறந்தவளும் அவள்தான். மற்றவர்கள் அலுத்துப்போய்க் கிடந்தார்கள். இவள் மட்டும் ஒரே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, யூஜினைத் துணைக்கு இழுத்துக்கொண்டு, அலோர் காஜாவுக்கும் மலாக்காவுக்குமாக பஸ் ஏறினாள். ஒரு ஆபீஸில் இன்னொரு ஆபீஸுக்குப் போகச் சொல்வார்கள். அங்கே போனால் பெரியவர் மீட்டிங்கில் இருப்பார். நானாக இருந்தால் மேசையைத் தட்டியிருப்பேன். இவள் பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். எழுந்து போக மாட்டாள், அவ்வளவுதான். மிளகாய்க்காக ஒரு பொம்பளை இப்படியா அலைவாள் என்று எனக்கே அவள்மேல் ஆச்சரியமாக இருக்கும்.

கடைசியில் கதவு திறந்தது. நிவேந்திரன் என்று ஒரு இஞ்சினியர் பையன் வந்தான். பையன் என்றால் கல்யாணமான பையன்தான். மலாக்காவில் பிறந்து வளர்ந்தவன், மரியாதை தெரிந்தவன். தீவில் பல இடத்தில் துளை போட்டுப் பார்த்தான். கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மேட்டின் அடியில், ஆழத்தில், நல்ல தண்ணீர் கிடைத்தது. சோலாரில் மோட்டார் ஓட்டி, மேட்டின் உச்சியில் கான்கிரீட் தொட்டி கட்டி ஏற்றிவிட்டால், அங்கிருந்து தானாக இறங்கி எல்லா வீட்டுக்கும் எல்லாத் தோட்டத்துக்கும் பாயும். தீவில் உயரமான இடம் அது ஒன்றுதான். அந்தச் செய்தியை யூஜின் சொன்னபோது கடையில் எல்லாருக்கும் நான் தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தேன். மரியசெல்வி மட்டும் கிளாஸைத் தொடவே இல்லை. மேட்டிலா, மேட்டிலேயா என்று இரண்டு மூன்று தடவை கேட்டாள். சந்தோஷத்தில் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

தொட்டிக்கு அளவு எடுத்து, சிவப்புச் சாயம் பூசிய முளைக்குச்சிகளை மேட்டில் நாலு பக்கமும் அடித்துவிட்டுப் போனான் நிவேந்திரன். மறு வாரம் வந்து பார்த்தால் ஒரு முளையும் இல்லை. ஆடு முட்டியிருக்கும் என்று சொல்லித் திரும்ப அடித்தார்கள். அதுவும் போயிற்று. பிடுங்கிய குழிகள் மட்டும் இருந்தன, மண்ணைத் தள்ளி மிதித்து மூடி.

தீவு முழுக்கக் குசுகுசு கிளம்பியது. அந்த மேட்டில் எப்போதும் எவரும் விறகு பொறுக்கக்கூடப் போக மாட்டார்களாம். அந்தி நேரத்தில் அங்கிருந்து பூனை கத்துகிற மாதிரி சத்தம் வரும், தீவில் பூனையே இல்லை என்று யூஜின் சொன்னான். சொல்லும்போது அவன் முழங்கையில் மயிர் நின்றதை நான் பார்த்தேன். தோண்ட வந்த இந்தோனேசியத் தொழிலாளிகள் இடத்தைப் பார்த்துவிட்டுச் சாமானை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்கள். பேயும் கிடையாது, பிசாசும் கிடையாது, ஷைத்தான் மனுஷன் மண்டைக்குள்தான் இருக்கிறான் என்று நான் எல்லாரையும் ஏசினேன். ஆனாலும் அன்று கடைக்குப் பின்னால் தனியாகப் போக எனக்கும் மனசு வரவில்லை, அதை ஏன் மறைக்க வேண்டும்.

நிவேந்திரன் என் கடைக்கு வந்து உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான். மேலே கேள்வி கேட்கிறார்கள் என்றான். இன்னொரு தடவை முளையைப் பிடுங்கினால், ஊருக்குள்ளேயே சம்மதம் இல்லை என்று எழுதிவிட்டு, திட்டத்தை வேறு ஊர்க் கம்போங்குக்கு மாற்றிவிடுவார்களாம். அவன் கையில் எதுவும் இல்லையாம். மூன்றாவது முறையும் அடித்துவிட்டுப் போனான்.

அடுத்த மிளகாய் நாள். மரியசெல்வி சாக்கை இறக்கிவிட்டுப் பின்பக்கம் டிரம் நிரப்பப் போனாள். நான் மிளகாயைத் தட்டில் கொட்டினேன். கடகடவென்று ஏதோ விழுந்தது. பார்த்தால் மிளகாய்க்கு நடுவில் மரக்குச்சிகள், முனை கூர்மையாக, தலையில் சிவப்புச் சாயத்தோடு.

யா அல்லாஹ். பிறகு வந்த கோபம் இருக்கிறதே, தட்டை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் போனேன். அவள் பைப்படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் டிரம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. முளைகளை அவள் முன்னால் போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று பார்த்தாயா, அதை என் கடைக்கே கொண்டுவருகிறாயா என்று கத்தினேன். அவள் பைப்பை மூடினாள். முளைகளைத் தொடவில்லை.

"கடல்ல போட்டேன் லாத்தா," என்றாள். "போடப் போட அலை திருப்பிக் கொண்டாந்து குடுக்குது. எரிச்சா புகை தெரியும். அதான் மிளகாய்க்குள்ள மறைச்சு, இங்க குப்பையில போட்டுடலாம்னு எடுத்துட்டு வந்தேன். நீங்க முந்திக்கிட்டீங்க."

ஏன் பிடுங்கினாய் என்று நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். என்னிடம் ஏன் சொன்னாள் என்று பிறகு யோசித்திருக்கிறேன். நான் அவள் கோயிலும் இல்லை, அவள் ஊரும் இல்லை. சொன்ன பேச்சு தீவுக்குத் திரும்பிப் போகாத இடம் நான்.

ஷெர்லீனுக்கு முன்னால் அவளுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்திருக்கிறது. கல்யாணமாகி வந்த புதுசு, நல்ல வறட்சி. மாசம் நிறையவில்லை. காலையில் வலி கண்டு, போட்டுக்கு ஆள் விடுவதற்குள் வீட்டிலேயே பிறந்துவிட்டது. உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அதற்குள் அடங்குகிற பிள்ளையாம். அழுகை சரியாக வரவில்லை, பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். நிலைக்காது என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டதாம்.

அவர்கள் வேதத்தில், பிறந்த பிள்ளைக்குத் தலையில் தண்ணீர் ஊற்றிப் பெயர் சொல்லி ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் செத்தால் மோட்சம் கிடையாது என்று அந்தக் காலத்தில் சொல்லிவைத்திருந்தார்கள். சாமியார் கரையில் இருக்கிறார். கிளைவ் செம்பை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போய் மொண்டு வந்து நின்றார். வீட்டில் இருந்த நல்ல தண்ணீர் பிரசவத்துக்கே தீர்ந்துபோயிருந்தது. கிணற்றில் உப்பு.

"அவரு செம்போட நின்னாரு லாத்தா. ஊத்தவா, ஊத்தவான்னு கேட்டாரு. நான்தான் வேணாம்னேன். செடியே கருகுற தண்ணி, இதையா என் பிள்ள தலையில ஊத்துவீங்க, போயி கோயில்ல இருந்து நல்ல தீர்த்தம் எடுத்துட்டு வாங்கன்னு வெரட்டுனேன். அவரு துடுப்பைப் போட்டு வலிச்சுக்கிட்டுப் போனாரு."

தீவுக் கோயிலில் தீர்த்தத் தொட்டியும் வறண்டு கிடந்ததால் அவர் கரைக் கோயிலுக்குப் போயிருக்கிறார். ஒரு போத்தல் தீர்த்தத்தோடு திரும்பி வந்தபோது மதியம் தாண்டிவிட்டது. பிள்ளை இவள் மடியிலேயே அடங்கியிருந்தது. செத்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் இல்லை. அப்போது இருந்த உபதேசியார் நல்லவர்தான், ஆனாலும் வேலிக்கு உள்ளே புதைக்க முடியாது என்று சொல்லிவிட்டார். அதுதான் அன்றைய வழக்கம். கிளைவ் அவளுடைய கல்யாணப் புடவையில் சுற்றி, மேட்டுக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார். மாசம் நிறையாத பிள்ளை என்பதால் ஊரும் அதைப் பேசவில்லை, மறந்தும் போயிற்று. அந்தி நேரத்தில் அங்கே கேட்கும் சத்தத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தார்கள். அது மரியசெல்வி அழும் சத்தம் என்று எவருக்கும் தெரியாது. தினமும் இருட்டும் நேரத்தில் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறாள். பெயர் வைக்காத பிள்ளை, கூப்பிடவும் முடியாது, இருட்டில் தனியாக விடவும் முடியாது.

இதோடு முடிந்திருந்தால்கூட ஆற்றிக்கொள்ளலாம். ஷெர்லீன் கோயிலில் முதல் நன்மை அப்பம் வாங்கும் வயதில், கரைக் கோயிலில் ஞானோபதேச வகுப்புக்குக் கூட்டிப்போய் ஜன்னலுக்கு வெளியே காத்திருந்திருக்கிறாள். உள்ளே சிஸ்டர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். உயிர் போகிற ஆபத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், மந்திரித்த தண்ணீர் வேண்டியதில்லை, குளத்துத் தண்ணீர் போதும், மழைத் தண்ணீர் போதும், கடல் தண்ணீர்கூடப் போதும்.

"கடல் தண்ணிகூடன்னு சொன்னாங்க," என்றாள் மரியசெல்வி. "அவருகிட்ட நான் சொல்லவே இல்ல லாத்தா. நம்மால முடிஞ்சத செஞ்சோம்னு நெனச்சுக்கிட்டே செத்துப்போனாரு. அப்படியே போகட்டும்னு விட்டுட்டேன்."

நான் பைப்படியில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். புடவை நனைந்ததுகூடத் தெரியவில்லை. சாமியாரைக் கேட்டாயா என்றேன். கேட்டாளாம். இப்போதெல்லாம் அப்படிச் சொல்வதில்லை, ஆண்டவர் இரக்கமுள்ளவர், கவலைப்படாதீர்கள் என்றாராம். கவலைப்படாதீர்கள் என்றால் தெரியாது என்றுதானே லாத்தா அர்த்தம் என்று என்னைக் கேட்டாள். பிறகு, உங்களில் இப்படிப் போகிற பிள்ளைகளுக்கு என்ன சொல்வீர்கள் என்றாள்.

எங்களில் அந்தப் பிள்ளைகள் நேராகச் சுவர்க்கத்துக்குப் போகும், வாசலில் நின்று அடம்பிடிக்கும், தாயைத் தொப்புள்கொடியால் உள்ளே இழுத்துக்கொண்டு போகும் என்று சொன்னேன். என் உம்மா எனக்குச் சொன்னது. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நல்லா இருக்கு லாத்தா என்றாள், அடுத்த வீட்டுப் பிள்ளையின் கவுனைப் பார்த்துச் சொல்வது போல.

எனக்கு மறுபடியும் ஆத்திரம் வந்தது. அழ வேண்டிய இடத்தில் எனக்கு ஆத்திரம்தான் வரும். என் பிறவி அப்படி. ஊருக்கே தண்ணீர் வேண்டும் என்று அலைந்தவள் நீதானே, இப்போது நீயே அதைக் குழி தோண்டிப் புதைக்கிறாயே என்றேன். தொட்டி அங்கே வந்தால் பிள்ளைமேல் கான்கிரீட் போட்டுவிடுவார்கள் என்றாள். சொன்னால் என்ன, சொல்லேன் அந்தப் பையனிடம் என்றேன். சொன்னால் ஷெர்லீனுக்குத் தெரிந்துவிடுமே, அக்காவின் தலையில் தண்ணீர் ஊற்ற விடாதவள் தன் மம்மி என்று தெரிந்துவிடுமே என்றாள். அதுதான் அவளைப் பிடித்திருந்த பேய். ஒரு பக்கம் அந்த மேடு, ஒரு பக்கம் இருக்கிற ஒரே மகள், நடுவில் ஊருக்குத் தண்ணீர்.

அப்போதுதான் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது. தீவில் எட்வின் பெண்சாதி அமுதா பிள்ளை உண்டாகியிருந்தாள்.

"அமுதா வீட்டுலயும் ஒருநா தண்ணி இல்லாம போவும் செல்வி. அவ கையில அன்னிக்கு என்ன குடுப்ப? இந்தக் குச்சியா?"

சொன்ன பிறகுதான் எவ்வளவு கொடுமையான பேச்சு என்று எனக்கே உறைத்தது. அவள் குனிந்தாள். முளைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தண்ணீரில் கழுவி, சாக்கில் போட்டுக்கொண்டாள். அன்றைக்கு டிரம்களைக்கூட ஏற்றவில்லை. யூஜின்தான் வந்து ஏற்றிக்கொண்டு போனான்.

மறுநாள் காலையில் முளைகள் மேட்டில் பழைய குழிகளிலேயே நின்றிருந்தன. அவளே அடித்திருக்கிறாள். நிவேந்திரன் போனபோது அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள், எல்லாவற்றையும் சொன்னாள். அவன் அன்று ஒரு வேலையும் செய்யாமல் திரும்பி வந்து என் கடையில் தண்ணீர் வாங்கிக் குடித்தான். தொட்டியை நகர்த்த முடியாது ஆண்டி, நான் எப்படிப் பார்த்தாலும் அந்த இடம்தான் என்றான். ஆனால் பிள்ளையை முதலில் எடுத்து வேலிக்குள் வைக்கட்டும், அதுவரை நான் மண்வெட்டி தொட மாட்டேன், மேலே என்ன சொன்னாலும் சரி என்றான். சாமியாரும் ஒத்துக்கொண்டார். எலும்பு கிடைத்ததும் சொல்லி அனுப்புங்கள், நானே வந்து மந்திரித்துக் கல்லறைத் தோட்டத்துக்குள் வைக்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

ஷெர்லீனிடம் என் கடைக்குள் வைத்துத்தான் சொன்னாள். அரிசி மூட்டைகளுக்கு நடுவில், ஆள் வராத நேரத்தில். தானே எல்லாவற்றையும் சொன்னாள், செம்பு, கிணறு, சிஸ்டர் சொன்ன பாடம், ஒன்றையும் விடவில்லை. நான் கல்லாவில் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தப் பெண் கத்துவாள், எழுந்து போவாள் என்று பயந்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அக்காவா மம்மி, அண்ணனா?"

"அக்கா," என்றாள் மரியசெல்வி.

இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு வெளியே போய் நின்றேன். யாராவது சீரகம் கேட்டு வந்திருந்தால் அன்றைக்கு அடி வாங்கியிருப்பார்கள்.

தோண்டும் நாளில் நானும் போனேன். போட்டில் எனக்கு வாந்தி வரும், அதனால் போவதே இல்லை. அன்றைக்குப் போனேன். தீவு ஜனம் எல்லாம் மேட்டில் நின்றது. மழைக்காலம் தொடங்கியிருந்தது, புல் பச்சையாக இருந்தது. கோயில்காரப் பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில், வேலிக்குள்ளே, கிளைவ் பக்கத்தில் சின்னதாக ஒரு குழி வெட்டித் தயாராக வைத்திருந்தார்கள். ஷெர்லீன் பட்டணத்திலிருந்து வெள்ளைத் துணி உறை போட்ட ஒரு சின்னப் பெட்டி வாங்கி வந்திருந்தாள்.

இடத்தை மரியசெல்வி காட்டினாள். ஒரு தட்டைக் கல் கிடந்தது, அதை அவளே புரட்டினாள். யூஜின் மண்வெட்டியை மெல்ல வைத்து, தோல் உரிப்பதுபோல மண்ணை எடுத்தான். கொஞ்ச ஆழம் போனதும் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் தோண்டினான். சிவந்த மண், நடுவில் மணல், மரவேர். இன்னும் கொஞ்சம் ஆழம். இடுப்பளவு. ஒன்றும் இல்லை.

இங்கேதான், இங்கேதான் என்றாள். பக்கத்தில் தோண்டினார்கள். அங்கேயும் இல்லை. அவளே குழிக்குள் இறங்கினாள். யாரும் தடுக்கவில்லை. கையால் மண்ணை அள்ளி அள்ளி, ஒவ்வொரு பிடியையும் விரலால் உதிர்த்துப் பார்த்து வெளியே போட்டாள். புடவையில் ஒரு நூல், ஒரு சரிகை, ஏதாவது. ஒன்றுமே இல்லை. செபமாலை சொன்னவர்கள் நிறுத்திவிட்டார்கள். நிவேந்திரன் ஓரத்தில் மண்டியிட்டு, மெதுவாகச் சொன்னான்: ஆண்டி, அவ்வளவு சின்னப் பிள்ளையின் எலும்பு இந்த ஈரச் செம்மண்ணில் இருக்காது, கரைந்து மண்ணாகியிருக்கும், எப்போதோ. தீவில் உடும்பு அதிகம், மண்ணைத் தோண்டும். அந்த நினைப்பு எனக்கு வந்தது, வந்த வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அதை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

அவள் குழியை விட்டு ஏற மறுத்தாள். அகலமாக, இன்னும் அகலமாகத் தோண்டிக்கொண்டே போனாள். நகக்கண்ணில் ரத்தம். ஷெர்லீன் இறங்கி அவளைப் பின்னால் கட்டிப் பிடித்துக்கொண்டு, போதும் மம்மி, போதும் என்றாள். அப்போது மரியசெல்வி குனிந்து, மண்ணோடு வாயை வைத்து, ஏதோ ஒரு பெயரைச் சொன்னாள். மனசுக்குள் அவள் வைத்திருந்த பெயராக இருக்கும். ஷெர்லீனுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். நான் எவ்வளவு காதைத் தீட்டியும் எனக்குக் கேட்கவில்லை. கேட்டபோது ஷெர்லீனும் சொல்லவில்லை.

மரியசெல்வி மேலே ஏறி வந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். எல்லாரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கான்கிரீட்ட ஊத்திடுங்க தம்பி," என்றாள் நிவேந்திரனிடம். "இங்க யாரும் இல்ல."

வேலிக்குள் வெட்டிய சின்னக் குழியை மூடிவிட்டார்கள். காலிப் பெட்டியை ஷெர்லீன் திரும்ப எடுத்துப்போனாள்.

தொட்டி எழும்பியது. குழாய் இறங்கியது. வீட்டுக்கு வீடு பைப்பு, தோட்டத்துக்குத் தோட்டம் கறுப்புக் குழாய், சொட்டுச் சொட்டாகச் செடி வேரில் விழுகிறது. இந்த வறட்சியில் ஒரு இலைகூடக் கருகவில்லை என்று யூஜின் பெருமையடிக்கிறான். மூன்று குடும்பம் புதிதாக வெண்டியும் கத்தரியும் போட்டிருக்கிறது. கரைக்கு வேலைக்கு வந்த ஒரு பையன் திரும்பிப் போய்த் தோட்டம் பிடித்திருக்கிறான். புது ஜெட்டிக்கும் கேட்டிருக்கிறார்கள், நர்ஸ் போட்டு காற்றிலும் கட்ட வசதியாக. அமுதாவுக்கு ஆண் பிள்ளை. எல்லாரும் செல்விக்காவால்தான் இதெல்லாம் என்கிறார்கள். அது உண்மைதான்.

ஆனால் மரியசெல்வி இப்போது வீட்டுக்குப் போக அவசரப்படுவதில்லை. மிளகாயை இறக்கிவிட்டுக் கடை வாசலில் உட்கார்ந்துகொள்கிறாள். அசர் போகிறது, வெயில் சாய்கிறது, அவள் எழுவதில்லை. முகத்தில் அந்தப் பழைய பதற்றம் இல்லை. அதற்குப் பதில் வந்திருப்பதை என்னவென்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. ரோட்டில் போகும் பிள்ளைகளைப் பார்க்கிறாள். மழை மேகத்தைப் பார்க்கிறாள். சில நாள் பஸ் ஏறி அலோர் காஜா வரைக்கும் போய், சும்மா நடந்துவிட்டுத் திரும்பி வருகிறாளாம். மகளிடமும் ஒரு வாரம் போய் இருந்தாள். அங்கேயும் மாலையானால் மாடியிலிருந்து இறங்கித் தெருவில் நின்றுகொண்டிருந்தாள் என்று ஷெர்லீன் போனில் அழுதாள்.

நான் வழக்கம்போல் கோபப்பட்டேன். நீ கட்டிக் காத்த இடத்தில் ஒன்றுமே இல்லை என்று நீயே பார்த்துவிட்டாய், இனிமேலாவது நிம்மதியாக இருக்க என்னடி கேடு என்று ஏசினேன்.

"முன்ன மேட்டுலதான் இருக்குதுன்னு தெரியும் லாத்தா," என்றாள். "இருட்டுனா அங்க போனா போதும். இப்ப எங்க போயி நிக்கறதுன்னு தெரியலயே."

பாங்கு சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரர் உள்ளேயிருந்து கூப்பிட்டார், கடைசி போட்டுக்கு நேரமாகிறது என்று யூஜின் வேனில் ஹாரன் அடித்தான். நான் கடையை அடைக்காமல் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.